பன்னிரண்டாவது வண்டி

ரப்பர் விலை படுத்துவிட்ட வருஷம், வட ஜோகூர்த் தோட்டத் துரைமார்களால் புது மோட்டார் வாங்க முடியாமல் போயிற்று. முடியவில்லை என்று வாய்விட்டுச் சொல்வது துரைமார்களுக்கு வழக்கமில்லை. ஆகவே ஒரு மாலை பங்களா வராந்தாவில் கூடி, பழைய மோட்டார் வைத்திருப்பதுதான் பெரிய மனிதருக்கு அழகு என்று தீர்மானம் போட்டார்கள். தீர்மானத்தைக் கட்டிக்காக்க ஒரு சங்கம் வேண்டியிருந்தது. சங்கத்துக்கு விதிகள் வேண்டியிருந்தன. விதிகளை அச்சடித்துத் தோல் அட்டை போட்டு முடித்தபோது, சங்கத்தின் சொத்துகளில் பழுதில்லாமல் இருந்தது அந்தப் புத்தகம் ஒன்றுதான்.

தலைவர், பாலத்தடித் தோட்டத்துப் பெரிய துரையான பிரெண்டிஸ் துரை. கௌரவ உதவிச் செயலாளர், அதே தோட்டத்துக் கிராணி சிவசம்பு. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து பதினைந்து வருஷமாகக் கணக்கெழுதுகிறவர். அவரிடம் மோட்டார் கிடையாது, சைக்கிள்தான். மோட்டார் இல்லாதவர் அங்கத்தினராக முடியாது என்பது இரண்டாம் விதி. அதனால் அவருக்குப் பதவியைக் கொடுத்து, கூட்டம் நடக்கும்போது உட்காராமல் நிற்கும் சலுகையையும் கொடுத்திருந்தார்கள். அந்தச் சலுகையை அவர் ஊருக்கு எழுதும் கடிதங்களில் குறிப்பிட மறப்பதில்லை.

1936ஆம் வருஷம் சங்கத்துக்கு ஐந்து வயது நிறைந்தது. அதைக் கொண்டாட இரண்டு நாள் ஓட்டம் வைத்தார்கள். சனிக்கிழமை பாலத்தடித் தோட்டத்து வாசலிலிருந்து சிகாமட் பட்டணத்துத் திடலுக்கு. அங்கே ராத் தங்கல். ஞாயிற்றுக்கிழமை திரும்பி வருகை. பெரிய துரை பங்களாவில் பரிசளிப்பு. அந்த இரண்டு நாளும் எண் பலகை இல்லாத எதுவும் ரோட்டில் கால் வைக்கக்கூடாது என்று அரசாங்க முத்திரையோடு அறிவிப்பு ஒட்டியாயிற்று. ஆடு மாடுகளுக்கும் அது பொருந்தும் என்று கீழே தமிழில் எழுதியிருந்தது.

மோட்டார்கள் கிழடு என்பதால் ரோடு இளமையாக இருக்க வேண்டியிருந்தது. பால்வெட்டை நிறுத்திவிட்டு, கூலிகள் குடியிருக்கும் லயத்து ஜனங்களை மழையில் நிறுத்திக் குழிகளுக்குக் கல் போட வைத்தார்கள். பால்வெட்டுக்காரன் அய்யாவுவின் பெண்சாதி காளியம்மாவுக்கு அப்போதே காய்ச்சல் கண்டிருந்தது. தோட்டத்து ஆஸ்பத்திரி டிரசர் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்துவிட்டுக் கொய்னா மாத்திரை கொடுத்து, லேசான வேலையாகப் பார்த்துக் கொடுங்கள் என்று எழுதி அனுப்பினார். கல் சுமப்பது கனத்த வேலை, சுமந்த கல்லைக் குழியில் போடுவது லேசான வேலை என்று ஆபீசில் முடிவாகி, அவளை இரண்டாவது வேலைக்கு மாற்றினார்கள். நனைந்துகொண்டே போட்டாள். சனிக்கிழமை விடியுமுன், பெரட்டுக்கு ஆள் கூட்டத் தப்படிக்கிற நேரத்தில், செத்துப்போனாள்.

அய்யாவுவுக்கு உடனே அழுகை வரவில்லை. அவளுடைய கால்களை நேராக்கி வைத்தான். முன் வருஷம் அவர்களுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்து, பேர் வைக்குமுன்னே போய்விட்டது. ரோட்டுக்கு அந்தப்பக்கம், ஆற்றோரத்து இடுகாட்டில், ரம்புத்தான் மரத்தடியில் அதைப் புதைத்திருந்தார்கள். காய்ச்சல் முற்றியபோது காளியம்மா அவன் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"என்னைப் புள்ள பக்கத்துலயே போட்டுடுங்க. அது தனியா கெடக்கு."

சரி என்று சொல்லியிருந்தான். கல்யாணத்துக்குப் பிறகு அவள் கேட்டு அவனால் முடியக்கூடியதாக இருந்தது அது ஒன்றுதான்.

கங்காணி சின்னத்தம்பி சுறுசுறுப்பான ஆள். ரோடு மூடுவதற்குள் இரண்டு பேரை அந்தப்பக்கம் அனுப்பி ரம்புத்தான் மரத்தடியில் குழி வெட்டச் செய்தான். மூங்கில் வெட்டிப் பாடை கட்டினான். சனிக்கிழமைச் சாவு துணை தேடும் என்பதால், வழக்கப்படி ஒரு கோழிக்குஞ்சைப் பிடித்துக் காலில் கயிறு போட்டுப் பாடையின் தலைமாட்டில் கட்டினான். எவ்வளவு அவசரப்பட்டும் குளிப்பாட்டிப் பூ வைத்து எடுப்பதற்குள் ரோடு மூடிவிட்டது.

தோட்டத்து வாசலில் ரோட்டோரம் நெடுகக் கயிறு கட்டியிருந்தது. கயிற்றுக்கு அந்தப்பக்கம் ரோடு, ரோட்டுக்கு அந்தப்பக்கம் இடுகாடு. வெட்டிப் போட்ட மண் சிவப்பாகத் தெரிந்தது. கயிற்றருகே மார்பில் பட்டுப் பூ குத்தி, விதிப் புத்தகத்தை இடுக்கிக்கொண்டு கிராணி சிவசம்பு நின்றார். பக்கத்தில் ஒரு மலாய்ப் போலீஸ் மாத்தா, கையில் தடியோடு. பாடையைப் பார்த்ததும் மாத்தா தொப்பியைக் கழற்றினான். கிராணி அவனைப் பார்த்த பார்வையில் திரும்பவும் போட்டுக்கொண்டான்.

"அய்யா, குறுக்க போறதுதாங்க. பத்து எட்டுதான். ஒரு காரு வர்றதுக்குள்ள போயிடுவோம்" என்றான் அய்யாவு.

"இஞ்ச பார் அய்யாவு" என்றார் கிராணி. "ரோட்டு இண்டைக்குச் சங்கத்தின்ரை. நம்பர் இல்லாத ஒண்டும் போக ஏலாது. எனக்கும் உன்னில இரக்கம்தான். ஆனா இந்தப் புத்தகம் முழுக்க நான் வாசிச்சனான், இரக்கத்துக்கு இதில இடம் விடேல்லை."

நாளைக்குப் பொழுது சாயும்போது கயிற்றை அவிழ்ப்போம், அதுவரைக்கும் சவத்தை நிழலில் வைத்திருக்கலாம் என்றும் சொன்னார். ஜோகூர் வெயிலில் எந்த நிழலில் என்று சின்னத்தம்பி கேட்டதற்கு, இடம் தேர்ந்தெடுப்பது தோட்டத்து மக்களின் சுதந்திரம் என்று பதில் வந்தது.

அய்யாவு கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றான். அப்போதுதான் பங்களாப் பக்கமிருந்து சின்ன துரை ஓடி வந்தார். லாபிஸிலிருந்து வரவேண்டிய மோட்டார் ஒன்று வழியில் அச்சு முறிந்து படுத்துவிட்டதாம். இது பெரிய சங்கடம். சிங்கப்பூர்க் கனவான் ஒருவர் அன்பளிப்பாகக் கொடுத்த வெள்ளிக் கோப்பை, பன்னிரண்டு வண்டிகள் புறப்பட்டுப் பன்னிரண்டும் போய்ச் சேர்ந்தால்தான் சங்கத்துக்கு உரியதாகும். இப்போது கைவசம் பதினொன்றுதான். துரைமார்கள் வாசலில் கூடி ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். காளியம்மா செத்ததைக் கேட்டபோது அந்தத் தோட்டத்தில் எந்த வெள்ளை முகமும் அவ்வளவு வாடவில்லை.

கிராணி சிவசம்பு பாடையைப் பார்த்தார். புத்தகத்தைப் பார்த்தார். வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை வரக்கூடிய யோசனை அவருக்கு அப்போது வந்தது. பெரிய துரையிடம் போய், முதுகை வளைத்து, இங்கிலீஷில் சொன்னார். வண்டி என்றால் ஆளையோ பொருளையோ ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோகும் சாதனம் என்றுதான் முதலாம் விதி சொல்கிறது. சக்கரத்தைப் பற்றி அது வாய் திறக்கவில்லை.

துரைமார்கள் சிரிக்கவில்லை. அவர்கள் சிரித்திருந்தால் காளியம்மா அன்றைக்கே புதைக்கப்பட்டிருப்பாள். கமிட்டி கூடியது.

பாடை எந்த வருஷத்துத் தயாரிப்பு என்று கேட்டார்கள். இன்றைக்குக் காலையில் கட்டியது என்றான் சின்னத்தம்பி. கிராணி அதை மொழிபெயர்க்கும்போது, இதன் அமைப்பு எந்த மோட்டாருக்கும் முந்தியது, எத்தனை ஆயிரம் வருஷம் என்று இவர்களுக்கே தெரியாது என்றார். பெரிய துரை தலையாட்டினார். பிரேக் உண்டா என்று கேட்டார்கள். நில்லு என்றால் நிற்பார்கள் என்று சொல்ல, நான்கு பேரை நடக்கவிட்டு நிறுத்திப் பார்த்துத் திருப்தியடைந்தார்கள். ஊதுகுழலுக்குச் சங்கு இருந்தது. சங்கூத வந்திருந்த காளியப்பன் ஒரு தடவை ஊதிக் காட்டினான். அய்யாவு கையில் ஏந்தியிருந்த தீச்சட்டி முன்விளக்காக ஏற்கப்பட்டது. பின்விளக்கு இல்லாததைப் பெருந்தன்மையோடு மன்னித்தார்கள்.

பயணி விஷயத்தில்தான் சிக்கல் வந்தது. ஒவ்வொரு வண்டியிலும் ஒரு பயணியாவது இருக்கவேண்டும் என்பது ஒன்பதாம் விதி. கிராணி காளியம்மாவைக் காட்டினார். சின்ன துரை ஒப்பவில்லை. பயணி என்றால் தானாக ஏறி இறங்கும் சக்தி வேண்டும், இது சுமை என்றார். நீண்ட ஆலோசனைக்குப் பிறகு யாரோ கோழிக்குஞ்சைக் கவனித்தார்கள். அது உயிரோடு இருந்தது, கத்தவும் செய்தது. குஞ்சைப் பயணி என்றும் காளியம்மாவைச் சுமை என்றும் பதிந்துகொண்டு, பன்னிரண்டு என்று எழுதிய தகரப் பலகையைப் பாடையின் முன்மூங்கிலில் கட்டினார்கள்.

கயிற்றைத் தூக்கிவிட்டபோது அய்யாவுவுக்கு முதல் தடவையாகக் கண் கலங்கியது. கிராணியைக் கையெடுத்துக் கும்பிட்டான். நல்ல மனசு அய்யா உங்களுக்கு என்றான். பாடை ரோட்டில் ஏறியது. நேரே ரம்புத்தான் மரம். தூக்கியவர்கள் இடுகாட்டைப் பார்த்து இரண்டு எட்டு வைத்திருப்பார்கள்.

"எங்க போறியள்?" என்றார் கிராணி. "சிகாமட் அந்தப்பக்கம்."

அவர் பொறுமையாகவே விளக்கினார். பந்தயத்தில் சேர்ந்த வண்டி வழியை விட்டு இறங்கினால் விலக்கப்படும். விலக்கப்பட்ட வண்டிக்கு எண் கிடையாது. எண் இல்லாமல் ரோட்டில் நிற்கும் வண்டியை மாத்தா கைப்பற்றி ஸ்டேஷனுக்குக் கொண்டுபோக வேண்டும். ஸ்டேஷனில் வண்டியை எப்போது திருப்பிக் கொடுப்பார்கள் என்பது சங்கத்தின் பொறுப்பல்ல.

அய்யாவு மாத்தாவைப் பார்த்தான். மாத்தா தரையைப் பார்த்தான். குழிக்கும் அவனுக்கும் நடுவே இருந்தது அவன் பெண்சாதி கல் போட்டு நிரப்பிய ரோடு. தாண்டிக் குதித்து ஓடிவிடலாமா என்று அவன் நினைத்தது உண்மை. காளியம்மாவை ஸ்டேஷன் வராந்தாவில் கிடத்தியிருப்பதாக ஒரு காட்சி மனசில் வந்தது. இடப்பக்கம் திரும்பினான். கொடி அசைந்தது.

பதினொரு மோட்டார்களும் புகைவிட்டுக்கொண்டு போயின. பின்னால் பன்னிரண்டாவது வண்டி போயிற்று. பத்து மைல். தோள் மாற்றித் தோள் மாற்றித் தூக்கினார்கள். சங்கூதக்கூடாது என்றால் ஊதாமல் இருந்திருப்பார்கள். ஆனால் ஒவ்வொரு வளைவிலும் ஊதுகுழல் ஒலிக்கவேண்டும் என்பது விதி, அதனால் காளியப்பன் வளைவுக்கு வளைவு ஊதினான். பூ இறைத்துக்கொண்டு வந்த ஐயாசாமியை, வழியில் குப்பை போட்டதற்காக ஒரு துரை நிறுத்தி எச்சரித்தார். வழியில் மூன்று மோட்டார்கள் கொதித்து நின்றிருந்தன. பாடைக்காரர்கள் இறக்கி வைத்துவிட்டு அவற்றைத் தள்ளிவிட்டார்கள். கூலிகள் தள்ளுவது வெளி உதவி ஆகாது என்று விதி தெளிவாகச் சொல்லியிருந்தது.

சாயங்காலம் சிகாமட் திடலை அடைந்தபோது வாத்தியம் வாசித்தார்கள். பன்னிரண்டு வண்டிகளும் வந்து சேர்ந்தன என்று பிரெண்டிஸ் துரை அறிவித்தார். எல்லாரும் கைதட்டினார்கள். சாமியாடிக் களைத்தவனைப் போல அய்யாவு தரையில் உட்கார்ந்தான். இப்போதாவது திரும்பப் போகலாமா என்று சின்னத்தம்பி மெல்லக் கேட்டான். அதற்கும் விதி இருந்தது. இரவில் யாரும் வண்டியில் கைவைத்து எஞ்சினைத் திருத்திவிடாதபடி எல்லா வண்டிகளையும் கொட்டகையில் வைத்துப் பூட்டவேண்டும். ஓட்டுகிறவர்கள் உள்ளே இருக்கக்கூடாது.

காளியம்மாவை மோட்டார்களுக்கு நடுவே வைத்துப் பூட்டினார்கள். கதவுக்கு வெளியே அய்யாவு முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தான். தனியா கெடக்கு, தனியா கெடக்கு என்று அவனுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. அது குழந்தையைப் பற்றி அவள் சொன்னது. இப்போது இரண்டு பேருக்கும் ஆகிவிட்டது.

விடிந்து கதவைத் திறந்தபோது கோழிக்குஞ்சு செத்துக் கிடந்தது.

சங்கம் அதிர்ந்துபோனது. ஐந்து வருஷத்தில் ஒரு பயணிகூட இறந்ததில்லை. பத்தொன்பதாம் விதிப்படி விசாரணை வைத்தார்கள். கொட்டகைக் காவல்காரனை விசாரித்தார்கள். குஞ்சுக்குக் கடைசியாக என்ன கொடுக்கப்பட்டது, எப்போது கொடுக்கப்பட்டது, ஏற்கெனவே நோய் இருந்ததா, இருந்திருந்தால் அதை ஏன் பயணத்துக்கு அனுமதித்தீர்கள் என்று சின்னத்தம்பியைக் குடைந்தார்கள். டாக்டர் துரை குஞ்சின் இறக்கையை விரித்துப் பார்த்தார். பெட்ரோல் வாடை தாங்காமல் நேர்ந்த மரணம், சங்கத்தின் மேல் தவறில்லை என்று தீர்ப்பாயிற்று. எல்லாரும் தொப்பியைக் கழற்றி எழுந்து நின்றார்கள்.

அய்யாவு வாசலில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். காளியம்மா எப்படிச் செத்தாள் என்று கேட்பார்களென்று அவன் பதிலைத் தயார் பண்ணி வைத்திருந்தான். மழை, கல், காய்ச்சல், கொய்னா என்று வரிசையாகச் சொல்லலாம் என்று இருந்தான். யாரும் கேட்கவில்லை. சுமையைப் பற்றி விசாரிக்க விதியில்லை.

சீனர் கடையில் வேறொரு குஞ்சு வாங்கிக் கட்டிக்கொண்டு திரும்பினார்கள். வெயில் ஏற ஏற வாடை கிளம்பிவிட்டது. பன்னிரண்டாவது வண்டியின் புகை மற்ற வண்டிகளுக்கு இடைஞ்சலாக இருப்பதாகப் புகார் வந்து, இரண்டு புள்ளிகளைக் கழித்துக்கொண்டு, காற்றடிக்கிற திசைக்குத் தோதாகக் கடைசியில் வரச் சொன்னார்கள். அவர்கள் முதலிலிருந்தே கடைசியில்தான் வந்துகொண்டிருந்தார்கள்.

இடுகாட்டைத் தாண்டும்போது அய்யாவு ரம்புத்தான் மரத்தடியைப் பார்த்தான். சிவப்பு மண் குவியலைக் காணவில்லை. குழியையும் காணவில்லை. ரோட்டோரத்தில் பள்ளம் இருப்பது மோட்டார்களுக்கு ஆபத்து என்று சங்கம் லயத்து ஆள்களைவிட்டு மூடிவிட்டதாம். நிற்க முடியாது. பங்களா வரைக்கும் போனார்கள்.

பங்களாப் புல்தரையில் பாடையை இறக்கி வைத்தார்கள். பிரெண்டிஸ் துரை பேசினார். அவர் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நிறுத்த, கிராணி சிவசம்பு மேடைத் தமிழில் முழங்கினார்.

"கனவான்களே, நம்பகமான வண்டிக்கான பரிசு இவ்வாண்டு பன்னிரண்டாம் எண்ணுக்கு வழங்கப்படுகிறது. அதன் டயர் வெடிக்கவில்லை. தண்ணீர் கொதிக்கவில்லை. இரண்டு நாட்களில் அது யாரிடமும் ஒரு முறைப்பாடும் செய்யவில்லை. என் தோட்டத்து ஜனங்களிடம் நான் இருபது வருடமாக எதிர்பார்த்துவரும் குணம் இதுதான். மற்றவர்களும் இந்த வண்டியைப் பின்பற்றுவார்கள் என்று நம்புகிறேன்."

எல்லாரும் கைதட்டினார்கள். இறந்தவளைப் பின்பற்றச் சொன்னதற்கு லயத்து ஜனங்களும் கைதட்டினார்கள். தட்டாதவர்களைக் கங்காணி பார்த்துவைக்க வேண்டும் என்று உத்தரவு. அய்யாவுவின் கையில் சங்கத்துக்குச் சொந்தமாகிவிட்ட அந்த வெள்ளிக் கோப்பையைக் கொடுத்துப் படம் பிடித்தார்கள். படம் பிடித்ததும், களவு போகாமலிருக்க ஆபீஸ் அலமாரியில் வைத்துக்கொள்வதாகச் சொல்லி வாங்கிக்கொண்டார்கள். இது சுற்றுக் கோப்பை, ஒரு வருஷம் உன் பேரில் இருக்கும், அடுத்த வருஷம் இதே வகை வண்டியோடு வந்து காப்பாற்றிக்கொள்ள வேண்டும் என்று கிராணி விளக்கினார். அவன் காதில் எதுவும் ஏறவில்லை. கயிற்றை அவிழ்த்துவிட்டார்களா என்று மட்டும் கேட்டான்.

அவிழ்த்திருந்தார்கள். மறுபடியும் குழி வெட்டினார்கள். மூடியபோது மண்ணோடு கல்லையும் போட்டு இறுக்கியிருந்ததால் நேரமாயிற்று. பிள்ளை பக்கத்தில் அவளை இறக்கிவிட்டு அய்யாவு வாய்விட்டு அழுதான். துணையாக வந்த குஞ்சைக் கயிறு அவிழ்த்து விட்டார்கள். அது ரோட்டைத் தாண்டி ஓடிப்போயிற்று, யாரும் தடுக்கவில்லை.

வருஷம் ஒன்று ஓடியது. ஆறாம் ஆண்டு விழாவுக்கு ரோட்டுக் குழிகளை நிரப்பும் வேலை ஆரம்பமாயிற்று. மழையும் ஆரம்பமாயிற்று. ஒருநாள் பெரட்டு முடிந்ததும் கிராணி சிவசம்பு குடையைப் பிடித்துக்கொண்டு லயத்துக்கே வந்தார். அவர் லயத்துக்கு வந்து யாரும் பார்த்ததில்லை. வாசல் வாசலாக நின்று, யாருக்கேனும் சுகமில்லையா, காய்ச்சல் எப்படி, சாப்பாடு இறங்குகிறதா என்று தன்மையாகக் கேட்டார். தோட்டத்துக்கு நல்ல காலம் வந்துவிட்டது, அய்யா மருந்து கொண்டு வந்திருக்கிறார் என்று முதல் வீட்டுக் கிருஷ்ணம்மா எல்லாரிடமும் சொன்னாள்.

அவர் மருந்து கொண்டு வரவில்லை. கோப்பையைப் பற்றிய கவலையோடு வந்திருந்தார்.

கடைசி அறையில் அய்யாவு சாக்கைப் போர்த்திக்கொண்டு நடுங்கிக் கிடந்தான். எட்டு நாளாகக் கல் போட்டவன். கிராணி வாசலிலேயே நின்று, மூக்கைத் துணியால் பொத்திக்கொண்டு அவனை நெடுநேரம் பார்த்தார். அவர் முகத்தில் தெரிந்த கவலை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது.

"அய்யாவு, கோப்பை உன்ர பேரிலதான் கிடக்குது. மறந்துபோனியே?" என்றார்.

அய்யாவு மறக்கவில்லை. எழுந்து உட்காரப் பார்த்தான், முடியவில்லை.

"சனிக்கிழமைதானுங்களே அய்யா ஓட்டம்?"

"ஓம். இந்தச் சனி."

"ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கிறேங்க. சிகாமட்டு வேணாங்க. அந்த ரம்புத்தான் மரத்துக்கிட்ட என்னை இறக்கிவிட்டுடச் சொல்லுங்க. அவங்க ரெண்டு பேரும் அங்கதான் இருக்காங்க."

கிராணி சிவசம்பு கல்மனசுக்காரர் அல்ல. குடையைக் கைமாற்றிக்கொண்டு, புத்தகத்தை எடுத்துப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். கடைசிப் பக்கம் வரைக்கும் புரட்டிப் பார்த்தார்.

"கமிட்டியில வச்சுப் பாக்கிறன்" என்று சொல்லிவிட்டு, மழை பெரிதாகுமுன் ஆபீசுக்குப் போனார்.